பதினேழாம் எண் கிணறு

டேராடூன்
12-07-2023

அன்புள்ள அண்ணனுக்கு,

பானு எழுதுகிறேன். இங்கே மழையும் நானும் சுகம். நீ, மதினி, அம்மா மூவரும் சுகம்தானே? அம்மா முழங்காலுக்குத் தைலம் தேய்க்கிறாளா, இல்லை அலமாரியில் வைத்துக் கும்பிடுகிறாளா?

போன் இருக்க எதற்குக் கடிதம் என்று சிரிப்பாய். போனில் பேசினால் அம்மா ஸ்பீக்கரைப் போடச் சொல்லி, நான் இளைத்துவிட்டேனா என்பதிலேயே அரைமணி நேரத்தை ஓட்டிவிடுவாள். அதோடு, உன் கைப்பட எழுதிய தாள்கள் எனக்கு வேண்டும். ஆராய்ச்சிக்கு அதுதான் மூலம்.

விஷயம் இதுதான். நம் குஜிலியம்பாறைப் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரில் ஃப்ளோரைடு எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கப் போகிறேன். பாறையிலிருந்து கரைந்து வரும் ஒரு வகை உப்பு அது. லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமைத் தாண்டினால் பிள்ளைகளின் பல்லில் காவி ஏறும். வருஷக்கணக்கில் குடித்தால் எலும்பு இறுகிவிடும். ஊத்துக்கரட்டைச் சுற்றி இருபத்து நான்கு கிணறுகளைக் குறித்திருக்கிறேன். மூன்று பருவம், மூன்று தடவை தண்ணீர் எடுக்க வேண்டும். நான் அங்கே வந்து உட்கார முடியாது. நீ ஊராட்சித் தொட்டிக்கு மோட்டார் போடுகிற ஆள். எந்தத் தோட்டத்துக்குள் போனாலும் ஏன் என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள்.

ஒவ்வொரு கிணற்றிலும் மோட்டாரை ஐந்து நிமிடம் ஓடவிடு. பாட்டிலை அதே தண்ணீரில் மூன்று தரம் அலசு. கழுத்துவரை நிரப்பி, மூடி, கிணற்று எண்ணையும் தேதியையும் பாட்டிலிலும் தாளிலும் எழுது. அவ்வளவுதான்.

நம் கிணறு பதினாறு. பதினேழு, பாறைக் கரட்டுக்குக் கிழக்கே அந்தப் பக்கம் இருக்கும் அத்தை தோட்டத்துக் கிணறு. முகத்தைச் சுளிக்காதே. வரைபடத்தில் கட்டம் போட்டால் புள்ளி அங்கேதான் விழுகிறது, அதை நான் மாற்ற முடியாது. பெருமாள்சாமி அத்தானைக் கட்டிக்கொள்ள மாட்டேன் என்று நான் படிக்கக் கிளம்பி ஒன்பது வருஷம் ஆகிவிட்டது. அவருக்கும் கல்யாணம் ஆகிப் பிள்ளை பள்ளிக்கூடம் போகிறது. ஒரு பாட்டில் தண்ணீர் கேட்டால் தராமலா போவார்கள்?

அம்மாவுக்கு என் முத்தம். பதில் போடு.

உன் தங்கை,
பானுப்ரியா

---

ஊத்துக்கரடு
20-08-2023

அன்புத் தங்கை பானுவுக்கு,

அண்ணன் மோகன்குமார் எழுதியது. இங்கே எல்லோரும் கடவுள் புண்ணியத்தில் இருக்கிறோம். உன் உடம்பைப் பார்த்துக்கொள். அம்மா தைலத்தைத் தேய்க்கிறாள், ஆனால் எனக்குத்தான் தேய்க்கச் சொல்கிறாள்.

இருபத்து நான்கு பாட்டிலும் திண்டுக்கல் பார்சல் ஆபீஸில் போட்டாயிற்று. ரசீதும் தாள்களும் இத்துடன் இருக்கின்றன. நான்கு நாள் ஆனது. ஒன்பதாம் எண் தோட்டத்தில் நாய் விரட்டியது. பதின்மூன்றில் கிழவர் ஒருவர், "ஏலே, தண்ணியப் பாட்டில்ல புடிச்சு எவனுக்குடா விக்கப் போற?" என்று தடியை எடுத்துவிட்டார். உன் பெயரைச் சொன்னதும் கீழே போட்டார். இந்தப் பக்கம் உனக்கு அம்புட்டு மரியாதை.

அத்தை வீட்டைப் பற்றி எழுதியிருந்தாய். உனக்கு அந்த நாள் சரியாக நினைவில்லை என்று நினைக்கிறேன். நீ பஸ் ஏறிவிட்டாய். அதற்குப் பிறகுதான் அத்தை நம் வாசலுக்கு வந்தது. அம்மா கொடுத்த சொம்புத் தண்ணீரை வாங்கி, குடிக்காமல், வாசலிலேயே கவிழ்த்தது. "இனி உங்க வீட்டுப் பச்சத்தண்ணி எங்க நாக்குல படாது, எங்க தண்ணி உங்க நாக்குலயும் படக்கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனது. நம் பக்கத்தில் தண்ணீரைக் கொட்டிச் சொன்னால் அது சாமி முன்னால் சொன்ன மாதிரி. அப்பா செத்த எழவுக்கு வந்தார்கள், தண்ணீர் குடிக்காமல் போனார்கள். உனக்கும் தெரியும்.

அது கிடக்கட்டும். பதினேழும் பாட்டில்களோடு இருக்கிறது. நீ கவலைப்படாதே.

அன்புடன்,
அண்ணன் மோகன்

---

டேராடூன்
05-11-2023

அன்பு அண்ணனுக்கு,

இங்கே குளிர் ஆரம்பித்துவிட்டது. மற்றபடி சுகம். அங்கே மழை உண்டா? கடலை எடுத்தாயிற்றா? மதினி இருமலோடு பேசினாளே, சரியாயிற்றா?

முதல் சுற்று முடிவு வந்துவிட்டது. உன்னைத் தூக்கிச் சுற்ற வேண்டும் போல இருக்கிறது. நம் கிணறு 0.8, நல்ல தண்ணீர். கரட்டுக்குக் கிழக்கே போகப்போக இரண்டு, மூன்று என்று ஏறிக்கொண்டே போகிறது. ஆனால் கரட்டை ஒட்டிய பதினேழும் 0.8தான். அப்படியென்றால் நல்ல தண்ணீர் கரட்டோடு நிற்கவில்லை, அதைத் தாண்டியும் போகிறது என்று அர்த்தம். நான் வரைபடத்தில் கோட்டை அங்கேதான் போடப்போகிறேன். இந்தக் கட்டுரையின் உயிரே அந்தக் கோடுதான்.

ஒன்று சொல்லட்டுமா? பதினாறும் பதினேழும் எல்லா உப்பிலும் தசம ஸ்தானம்வரை ஒன்றாக இருக்கின்றன. இரட்டைப் பிள்ளைகள் தோற்றார்கள். தாத்தா ஒரே வருஷம் வெட்டிய கிணறுகள் அல்லவா?

எங்கே வெளியிடப் போகிறேன் என்று போனில் கேட்டாயே, சொல்கிறேன். வழக்கமான ஆய்விதழ்களைச் சந்தா கட்டினவர்கள்தான் படிக்க முடியும். ஊத்துக்கரட்டைப் பற்றி எழுதியதை ஊத்துக்கரட்டுக்காரன் படிக்க முடியாது. நான் அனுப்பப் போவது திறந்த இதழ். இணையத்தில் யாரும் இலவசமாகப் படிக்கலாம், இறக்கிக்கொள்ளலாம், அச்சடிக்கலாம். கிணறு கிணறாக அளவுகளையும் கூடவே போட வேண்டும். ஏழை நாட்டுக்காரர்களுக்கு வெளியிடும் கட்டணமும் இல்லை. இன்னொரு விசேஷம், ஏற்றுக்கொள்வதற்கு முன்பே கட்டுரையைப் பொதுவில் வைத்துவிடுவார்கள். உலகத்தில் யார் வேண்டுமானாலும் அதன் கீழே கருத்து எழுதலாம். எழுதியவர் பெயர் இருக்கும், நான் பதில் சொல்லியாக வேண்டும். இரண்டும் எப்போதும் அங்கேயே கிடக்கும். கட்டுரையே வேண்டாம் என்று நான் எடுத்துக்கொண்டாலும் அவை அழியாது. நீகூட எழுதலாம், "என் தங்கச்சி சின்ன வயசுல தண்ணி எடுக்கச் சொன்னா ஓடிப்போயிருவா" என்று.

இரண்டாம், மூன்றாம் சுற்றுகளுக்குப் பாட்டில்கள் அனுப்பியிருக்கிறேன்.

பிரியமுள்ள,
பானு

---

ஊத்துக்கரடு
21-01-2024

அன்புத் தங்கைக்கு,

பொங்கல் நல்லபடியாக முடிந்தது. நீ அனுப்பிய கம்பளியைப் போர்த்திக்கொண்டு அம்மா வெயிலில் உட்கார்ந்திருக்கிறாள். "இந்த ஊர்ல இதுக்கு ஏது குளிரு" என்று மதினி கேட்டால் முறைக்கிறாள்.

இரண்டாம் சுற்றும் மூன்றாம் சுற்றும் அனுப்பிவிட்டேன். பதினேழும் உண்டு. இரட்டைப் பிள்ளைகள் என்று எழுதியிருந்தாய். நமக்கு என்ன தெரியும், ஊற்றுக்குத்தான் தெரியும்.

குடியரசு தினத்துக்குப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குப் பாட்டு பழக்குகிறார்கள். தொட்டி வால்வு அங்கே இருப்பதால் நான் தினமும் பார்ப்பேன். பெருமாள்சாமி மகள் தமிழ்மதி இரண்டாம் வகுப்பு. நன்றாகப் பாடுகிறாள். ஆனால் சிரிக்கும்போது வாயைக் கையால் மூடிக்கொள்கிறாள். கையை எடுத்த ஒரு நிமிடம் பார்த்துவிட்டேன். முன்பல் நான்கும் காவிக்கல் நிறம். செங்கல் பொடி போட்டுத் தேய்க்கிறார்களாம். ஈறில் ரத்தம் வந்திருக்கிறது. போவதில்லை.

இதை எதற்கு எழுதினேன் என்று தெரியவில்லை. அவர்கள் வீட்டு ஆள்களோடு பேச்சுவார்த்தை இல்லை, பிள்ளையோடு மட்டும் எப்படிப் பேசுவது?

உடம்பைக் கவனி.

அண்ணன்

---

டேராடூன்
28-04-2024

என் அண்ணனுக்கு,

சுகம், சுகம், ஆயிரம் சுகம்! நீயும் சுகமாக இரு.

கட்டுரை இணையத்தில் ஏறிவிட்டது. பொது விவாதத்துக்கு வைத்திருக்கிறார்கள். இரண்டு நிபுணர்கள் கருத்துச் சொல்ல வேண்டும், ஒருவர்தான் கிடைத்திருக்கிறார், அதனால் கெடுவை நீட்டிக்கொண்டு போவார்கள். பரவாயில்லை. கடைசியில் நன்றி என்று உன் பெயரைப் போட்டிருக்கிறேன். அம்மாவை உன் நண்பன் ரஃபியின் கம்ப்யூட்டர் கடைக்கு அழைத்துப் போய்க் காட்டு.

அதைவிடப் பெரிய செய்தி. ஓர் அறக்கட்டளைக்காரர்கள் கட்டுரையை இறக்கிப் படித்திருக்கிறார்கள். நம் ஊர்ப் பள்ளிக்கு ஆழ்துளைக் கிணறு போட்டுத் தரப்போகிறார்களாம். எங்கே போடலாம் என்று என் வரைபடத்தைப் பார்த்து அவர்களே முடிவு செய்திருக்கிறார்கள். பதினேழாம் எண் கிணற்றின் வேலிக்கு வெளியே இருக்கும் புறம்போக்கில். பள்ளிக்கு அதுதான் பக்கம், அங்கே தண்ணீரும் நல்லது.

அண்ணே, சந்தா கட்டிப் படிக்கும் இதழில் போட்டிருந்தால் இது நடந்திருக்குமா? நான் படித்த படிப்பு முதல் தடவையாக ஊருக்கு உபயோகப்படுகிறது. அன்றைக்கு பஸ் ஏறியதற்கு இப்போதுதான் எனக்கே ஒரு பதில் கிடைத்த மாதிரி இருக்கிறது. எழுதும்போதே அழுகை வருகிறது.

டிசம்பர் பதினாறாம் தேதி நிரந்தரப் பணிக்கு நேர்முகத் தேர்வு. எனக்கு வயது வரம்பு இதோடு முடிகிறது. அதற்குள் இது ஏற்கப்பட்டால் கிடைத்துவிடும் என்கிறார்கள். அம்மாவை வேண்டிக்கொள்ளச் சொல்.

உன் பானு

---

ஊத்துக்கரடு
16-06-2024

அன்புத் தங்கைக்கு,

அனைவரும் நலம். உன் நலம்தான் எங்கள் நலம்.

போர் போட்டார்கள். இருநூற்று இருபது அடியில் தண்ணீர் பீய்ச்சியது. பிள்ளைகள் எல்லாம் நனைந்து கூத்தாடினார்கள். ஹெட்மாஸ்டர் உடையப்பன் சார் உன் கட்டுரையை அச்செடுத்து, கண்ணாடித்தாள் போட்டு, தண்ணீர்க் குழாய்க்கு மேலே சுவரில் ஒட்டியிருக்கிறார். பள்ளி திறந்த நாளில் மாலை போட்டு, "நம்ம ஊர்ப் பிள்ளை கண்டுபிடிச்ச தண்ணி" என்று பேசினார். அம்மா முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

அந்த மோட்டாரையும் என்னையே போடச் சொல்லிவிட்டார்கள். காலை எட்டரைக்குப் போடுகிறேன்.

பானு, அந்தத் தண்ணீரை மறுபடி ஒருதரம் சோதித்துப் பார்க்கச் சொல்லேன். அறக்கட்டளைக்காரர்களிடம் கேட்டேன். "அதான் பேப்பர்லயே இருக்குதே சார்" என்றார்கள். நீ சொன்னால் கேட்பார்கள். சும்மாதான் சொல்கிறேன். ஒரு திருப்திக்கு.

அண்ணன்

---

ஊத்துக்கரடு
14-08-2024
(பதிவுத் தபால், ஒப்புகை அட்டையுடன்)

பானுவுக்கு,

உன் உடம்பு எப்படி இருக்கிறது? இங்கே அம்மாவும் மதினியும் நலம். நான் நலம் என்று எழுத வரவில்லை.

ஜூன் மாதக் கடிதத்துக்கு நீ பதில் போடவில்லை. போனில் கேட்டபோது, "மூணு தரம் பாத்தாச்சுண்ணே, இன்னும் என்ன?" என்று சிரித்தாய். பக்கத்தில் அம்மா இருந்தாள். நான் வாயை மூடிக்கொண்டேன்.

பதினேழாம் எண் கிணற்றில் நான் ஒரு தடவைகூடத் தண்ணீர் எடுக்கவில்லை. மூன்று சுற்றும் நம் கிணற்றிலேயே இரண்டு இரண்டு பாட்டிலாகப் பிடித்து, ஒன்றில் பதினாறு என்றும் மற்றதில் பதினேழு என்றும் எழுதினேன்.

முதல் நாள் அத்தை தோட்டத்து வேலிவரை போனேன். பெருமாள்சாமி உள்ளே மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துவிட்டு மறுபடி மாட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கும் கால் வரவில்லை. தண்ணீரைக் கொட்டிச் சொன்ன வீட்டில் பாட்டிலை நீட்டிக்கொண்டு எப்படி நிற்பது? அதுவும் உனக்காக என்று சொல்லி? அவர்கள் மறுத்தால் ஊரே சிரிக்கும். கொடுத்தால் அதைவிடக் கேவலம். திரும்பி வந்துவிட்டேன். ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும், அந்த நிமிடம் உன் மேல் எனக்குக் கோபம் வந்தது. புள்ளி அங்கேதான் விழுகிறது என்று நீ லேசாக எழுதிவிட்டாய். அந்த வேலியில் ஒன்பது வருஷமாக நிற்பது நான்.

தப்பு என்று தெரிந்து செய்யவில்லை. தாத்தா இரண்டு கிணற்றையும் ஒரே வருஷம் வெட்டி ஒன்றை அத்தைக்குச் சீராகக் கொடுத்தார். இங்கே இறைத்தால் அங்கே மட்டம் இறங்கும் என்று அப்பா சொல்வார். ஒரே ஊற்றுத்தானே, எங்கே பிடித்தால் என்ன என்று நினைத்தேன். நீ இரட்டைப் பிள்ளைகள் என்று எழுதியபோதே சொல்லியிருக்க வேண்டும். அதற்குள் நீ கோடு போட்டுவிட்டாய்.

ஊராட்சியில் தண்ணீர் சோதிக்க ஒரு பெட்டி கொடுத்திருக்கிறார்கள். சொட்டு விட்டால் தண்ணீர் சிவப்பாக நிற்க வேண்டும். மஞ்சளாக வெளுத்தால் ஃப்ளோரைடு. நம் கிணறு சிவப்பாக நின்றது. பள்ளிக்கூடத்துத் தண்ணீர் மஞ்சளாகிவிட்டது. நான்கு நாள் தொடர்ந்து பார்த்தேன். அட்டையில் உள்ள நிறத்தோடு ஒப்பிட்டால் மூன்றுக்கு மேல்.

உடையப்பன் சாரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். சுவரைக் காட்டினார். "ஒந்தங்கச்சி ஆராய்ச்சி பண்ணி எழுதியிருக்கு, உலகமே படிக்குது. நீ அஞ்சு ரூபாச் சொட்டு மருந்த வச்சுக்கிட்டு வந்து நிக்கிற" என்றார். நான் தண்ணீரை எங்கே பிடித்தேன் என்று அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் முதலில் உனக்குத்தான் அடி. நீயே திருத்திவிட்டால் கௌரவமாக முடிந்துவிடும்.

அறுபத்தோரு பிள்ளைகள், பானு. தினமும் எட்டரைக்கு நான்தான் மோட்டார் போடுகிறேன். சீக்கிரம் எழுது.

அண்ணன்

---

ஊத்துக்கரடு
22-09-2024

பானுவுக்கு,

நலம்தானே? உடம்புக்கு ஒன்றும் இல்லையே?

ஒப்புகை அட்டை திரும்பி வந்துவிட்டது. உன் கையெழுத்து இருக்கிறது, ஆகஸ்டு 20 என்று தேதியும் இருக்கிறது. ஆக, கடிதம் உன் கையில்தான் கிடைத்திருக்கிறது. ஒரு மாதம் ஆகிறது. போனில் அம்மாவோடு பேசினாய், மதினியோடு பேசினாய், என்னிடம் கொடுப்பதற்குள் மீட்டிங் என்று வைத்துவிட்டாய்.

கோபமாக இருந்தால் திட்டி எழுது. வாங்கிக்கொள்கிறேன். எதையாவது எழுது.

காலாண்டு விடுமுறை வருகிறது. பத்து நாள் மோட்டார் போட வேண்டாம் என்பது மட்டும்தான் இப்போதைக்கு எனக்கு நிம்மதி.

அண்ணன்

---

டேராடூன்
20-10-2024

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். அங்கே அனைவரும் நலமா? இங்கே காலையில் லேசான குளிர். தீபாவளிக்கு அம்மாவுக்கும் மதினிக்கும் சேலை, உனக்கு வேட்டி சட்டை அனுப்பியிருக்கிறேன். அம்மாவுக்குப் பச்சை பிடிக்கும் என்று பச்சையே எடுத்தேன். சட்டை அளவு பெரிதாக இருந்தால் தையல்காரரிடம் கொடுத்துப் பிடித்துக்கொள்.

அம்மாவின் முழங்காலுக்கு ஸ்கேன் எடுத்துவிடு. மதுரைக்கு அழைத்துப் போனால் நல்லது. தள்ளிப்போடாதே.

வேலை அதிகம். இரண்டாவது நிபுணரின் கருத்து ஒருவழியாக வந்துவிட்டது, நல்ல விதமாகவே எழுதியிருக்கிறார். பொது விவாதம் நவம்பர் கடைசியில் மூடிவிடும். பிறகு ஏற்பு. டிசம்பர் 16 வரை எனக்கு வேறு எதுவும் மனதில் ஓடாது. அதற்கப்புறம் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். பள்ளிக்கு ஒரு வடிகட்டி வாங்கிக் கொடுக்கலாம் என்றும் ஒரு யோசனை இருக்கிறது. பார்ப்போம்.

நீ எதையும் போட்டு மனதை உழப்பிக்கொள்ளாதே. உடம்பு முக்கியம்.

அன்புடன்,
பானுப்ரியா

---

(இணையத்தில், கட்டுரையின் கீழ்)
பொதுக் கருத்துரை 3
18-11-2024

ஆய்விதழ் ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தாங்கள் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எனக்கு ஆங்கிலம் எழுத வராது. இ-சேவை மையம் வைத்திருக்கும் என் நண்பர் ரஃபி இதைத் தமிழிலேயே ஏற்றித் தருகிறார். யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்று கேள்விப்பட்டு எழுதுகிறேன்.

இந்தக் கட்டுரைக்குத் தண்ணீர் பிடித்து அனுப்பியது நான். அட்டவணையில் 17 என்று இருக்கும் மூன்று அளவுகளும் தவறு. அவை 16ஆம் எண் கிணற்றுத் தண்ணீர். எனக்கும் 17ஆம் கிணற்றுக்காரர்களுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. அதனால் போக வெட்கப்பட்டு, என் கிணற்றிலேயே பிடித்து எண்ணை மாற்றி எழுதிவிட்டேன்.

நேற்று அந்தத் தோட்டத்துக்குள் போனேன். கேட்டு, முறைப்படி மூன்று தரம் அலசி, தண்ணீர் பிடித்தேன். திண்டுக்கல் ஆய்வகத்தில் கொடுத்திருக்கிறேன். என்னிடம் இருக்கும் சோதனைப் பெட்டியில் பார்த்தவரை மூன்றுக்கு மேல் இருக்கிறது. கிணற்றை ஒட்டிப் போட்ட பள்ளிக்கூடப் போரும் அதே அளவு. ஆகவே வரைபடத்தில் உள்ள கோடு தவறு. அதை நம்பி வேறு எங்கேயும் யாரும் போர் போட வேண்டாம். ஜூன் மாதத்திலிருந்து பிள்ளைகள் குடித்துவிட்டார்கள். இன்று நான் மோட்டார் போடவில்லை.

கட்டுரை எழுதிய என் தங்கை பானுப்ரியாவுக்கு இது எதுவும் இந்த நிமிடம்வரை தெரியாது. அவர் மேல் எந்தக் குற்றமும் இல்லை. அவர் சரியாகத்தான் சொல்லிக் கொடுத்தார். நான்தான் செய்யவில்லை. முழுப் பொறுப்பும் என்னுடையது.

தங்கள் உண்மையுள்ள,
மோகன்குமார்
குடிநீர்த் தொட்டி இயக்குபவர், ஊத்துக்கரடு

---

(இணையத்தில், கட்டுரையின் கீழ்)
கருத்துரை 3-க்குக் கட்டுரையாளர் பதில்
27-11-2024

கருத்துரை தமிழில் வந்திருப்பதால் பதிலையும் ஆங்கிலத்தோடு தமிழிலும் தருகிறோம்.

திரு. மோகன்குமார் அவர்களின் கருத்துக்கு நன்றி. அவர் குறிப்பிடும் பிழை கட்டுரையின் முக்கிய முடிவைப் பாதிப்பதால், கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொள்ள ஆசிரியர் குழுவிடம் கோரியுள்ளோம். சரியான மாதிரிகளுடன் மறு ஆய்வு செய்யப்படும். அறக்கட்டளைக்கும் பள்ளிக்கும் தகவல் அனுப்பப்பட்டுள்ளது.

இப்பிழை இக்கருத்துரை வாயிலாகவே முதன்முறையாக எங்கள் கவனத்துக்கு வந்தது. களப்பணியாளர் உரிய நேரத்தில் எங்களுக்குத் தெரிவித்திருந்தால், பள்ளிக் குழந்தைகள் அந்த நீரை இத்தனை மாதங்கள் குடிக்க நேர்ந்திருக்காது என்பதை வருத்தத்துடன் பதிவு செய்கிறோம்.

பானுப்ரியா
(கட்டுரையாளர்கள் சார்பாக)

---

ஊத்துக்கரடு
08-12-2024

பானுவுக்கு,

அண்ணன் எழுதுவது. நீ நலமாக இருக்க வேண்டும். அம்மாவை மதுரைக்கு அழைத்துப் போய் ஸ்கேன் எடுத்தாயிற்று. தேய்மானம்தான், பயமில்லை. பச்சைச் சேலையைத்தான் கட்டிக்கொண்டு வந்தாள்.

அத்தை தோட்டத்துக்குப் போனதை உனக்குச் சொல்ல வேண்டும். வேலியைத் தாண்டி உள்ளே போய், "மாப்ள, ஒரு பாட்டில் தண்ணி வேணும்" என்றேன். பெருமாள்சாமி என் கையில் இருந்த பாட்டிலைப் பார்த்தார். அப்புறம், "பத்து வருஷங் கழிச்சு வந்திருக்கீக மச்சான். ஒக்காருங்க" என்று மோட்டாரைப் போட்டார். அத்தைக்கு முதுகு வளைந்து கழுத்துத் திரும்பவில்லை. உடம்பையே திருப்பித்தான் என்னைப் பார்த்தது. வயசு என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். தண்ணீர்தான் என்று சொன்னேன். அத்தை ரொம்ப நேரம் கிணற்றையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, உள்ளே போய் ஒரு சொம்பு கொண்டுவந்து கொடுத்தது. அந்தக் கெட்ட தண்ணீரைத்தான், வேறு தண்ணீர் அவர்கள் வீட்டில் ஏது? வாங்கிக் குடித்தேன். இப்போது அவர்கள் குடிக்க நம் கிணற்றிலிருந்து தினமும் நான்கு குடம் போகிறது. பெருமாள்சாமி சைக்கிளில் வந்து எடுத்துப் போகிறார், தமிழ்மதியும் கூட வருகிறாள். அவளுடைய பல் இனி மாறாதாம்.

நான் அப்போதே போய்க் கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்காத நாள் இல்லை.

ஊராட்சியில் என்னை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். அது நியாயம்தான். உன் பதிலை உடையப்பன் சார் அச்செடுத்து, பழைய தாள் இருந்த அதே சுவரில் ஒட்டியிருக்கிறார். திறந்த இதழ் அல்லவா, யாரும் படிக்கலாம். பிள்ளைகளை விட வரும் தாய்மார்கள் எல்லோரும் படிக்கிறார்கள். களப்பணியாளர் உரிய நேரத்தில் தெரிவித்திருந்தால் என்ற இடத்தில் விரலை வைத்து ஒருத்தி இன்னொருத்திக்குக் காட்டினாள். நான் பக்கத்தில்தான் நின்றேன். உனக்குத் தெரியாது என்று நான் எழுதியது உன்னைக் காப்பாற்றத்தான். நீ அதை அப்படியே எடுத்துக்கொள்வாய் என்று தெரியும். அதற்கு மேலும் ஒரு வரி சேர்ப்பாய் என்று நினைக்கவில்லை. எனக்கு வலித்தது, பானு.

அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாதது இந்தச் சமயத்தில் நல்லதாகப் போயிற்று. "பானு லெட்டர் போடலையாடா?" என்று கேட்கிறாள். போடும் என்று சொல்லியிருக்கிறேன்.

கடிதங்கள் வைக்கும் பெட்டியைச் சுத்தம் செய்தபோது ஆகஸ்டு மாதத்து ஒப்புகை அட்டை கிடைத்தது. உன் கையெழுத்தும் இருபதாம் தேதியும் அதில் தெளிவாக இருக்கின்றன. ரஃபி பார்த்துவிட்டு, "இத அப்படியே நெட்டுல ஏத்தி விட்ருவமா?" என்று கேட்டான். வேண்டாம் என்றேன். இங்கே இருந்தால் என்றைக்காவது யார் கையிலாவது மாட்டும். அதனால் இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். நீயே வைத்துக்கொள்.

பதினாறாம் தேதி நன்றாகப் பேசு. இந்தத் தடவை சாதாரணத் தபாலில்தான் போடுகிறேன். கையெழுத்து எதுவும் போட வேண்டியிருக்காது.

மோகன்